இயேசு செய்ததாகச் சொல்லப்படும் அற்புதங்களுக்கு வரலாற்று ஆதாரம் உண்டா?

கேள்வி: பைபிளில் வரும் அற்புதங்கள் நிஜமாகவே நடந்தவையா? பைபிளுக்கு வெளியே ஏதாவது சான்று இருக்கிறதா? சாந்தோம், பரங்கிமலை என்று நம் சென்னையிலேயே சொல்லப்படும் அற்புதங்களை எப்படி எடுத்துக்கொள்வது?

இதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இயேசு நோய் தீர்க்கிறார், பேய் ஓட்டுகிறார் என்று அவர் காலத்து மக்கள் நம்பினார்களா? நம்பினார்கள், இதற்கான சான்று பலமானது. சுவிசேஷங்களில் (இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு பைபிள் நூல்களில்) உள்ள இன்ன சம்பவம் எழுதியிருக்கிறபடியே நடந்ததா? சம்பவத்துக்குச் சம்பவம் பதில் மாறும். நடந்ததற்குக் காரணம் கடவுள்தானா? இதைத் தீர்க்கும் கருவி வரலாற்று ஆய்வில் இல்லை. இந்த மூன்றையும் பிரிக்காமல் பேசுவதால்தான் விவாதங்கள் எங்கும் போய்ச் சேருவதில்லை.

முதலில் பைபிளுக்கு வெளியே உள்ளவை. யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் கி.பி. 93-94 வாக்கில் எழுதி முடித்த யூதர் வரலாற்றின் 18ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. வியக்கத்தக்க செயல்களைச் செய்தவர் என்று அது சொல்கிறது. இதை மறுக்க முடியாத ஆதாரமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு. மொத்தமும் போலி என்று தள்ளுகிறவர்களும் உண்டு. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஏற்பதில்லை. "இவரே கிறிஸ்து", "மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார்" போன்ற வரிகள் பிற்பாடு படியெடுத்த கிறிஸ்தவர்கள் சேர்த்தவை, மீதியின் அடிப்படை ஜோசிஃபஸ் எழுதியது என்பது அவர்கள் முடிவு. ஜோசிஃபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதுகிறார். அவர் கையிலிருந்த பிரதியில் அந்த வரி இருந்திருந்தால் அப்படி எழுதியிருக்க முடியாது.

அடுத்தது எதிராளிகளின் பேச்சு. யூதச் சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதி (43அ), யேசு என்பவர் சூனியம் செய்ததற்காகப் பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு முந்தின நாள் கொல்லப்பட்டார் என்கிறது. கி.பி. 175-180 வாக்கில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய கெல்சஸ், இயேசு எகிப்தில் மந்திரவித்தை கற்றுவந்தார் என்றார். இந்த இரண்டும் காலத்தால் பிந்தியவை. கிறிஸ்தவர்கள் சொன்னதைக் கேட்டு அதற்கு மறுப்பாகக் கிளம்பியவையாகவும் இருக்கலாம் என்பதால் நான் இவற்றுக்கு அதிக எடை கொடுக்க மாட்டேன். மாற்கு 3:22 அப்படியல்ல. எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் (யூதச் சட்ட அறிஞர்கள்), இவன் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலைக் கொண்டுதான் பிசாசுகளைத் துரத்துகிறான் என்கிறார்கள். தங்கள் குருவைப் பேய்க்கூட்டாளி என்று திட்டியதைச் சீடர்கள் தாங்களாக இட்டுக்கட்டத் தேவையில்லை. எதிரிகளும் செயலை மறுக்கவில்லை, எந்தச் சக்தியால் என்றுதான் சண்டை பிடித்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

சுவிசேஷங்களுக்கு வந்தால், பெரும்பாலோர் சறுக்குவது சாட்சிகளை எண்ணுவதில். நான்கு நூல்கள், ஆகவே நான்கு சாட்சிகள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாற்கு கி.பி. 70 வாக்கில் எழுதப்பட்டது. அதன் ஏறத்தாழ 660 வசனங்களில் சுமார் 600 ஏதோ ஒரு வடிவில் மத்தேயுவில் இருக்கின்றன. லூக்காவும் மாற்குவை வைத்துக்கொண்டுதான் எழுதினார். இரண்டு நாளிதழ்கள் ஒரே பி.டி.ஐ. செய்தியை அச்சிட்டால் நிருபர் ஒருவர்தான். அதுபோல மூன்றிலும் வரும் ஒரு அற்புதம் பல நேரம் ஒரே சாட்சியம். மத்தேயுவும் லூக்காவும் மாற்குவில் இல்லாமல் பொதுவாக வைத்திருக்கும் வசனங்கள், இருவருக்கும் தனியே உரியவை, யோவான், தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகர் பவுலின் கடிதங்கள் ஆகியவற்றைத் தனித்தனிக் கணக்கில் வைக்க வேண்டும். நோய் தீர்த்தலும் பேய் ஓட்டுதலும் இந்தச் சுவிசேஷ மூலங்கள் பலவற்றில் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. (யோவானில் மட்டும் பேய் ஓட்டும் சம்பவமே கிடையாது.) பொதுச் சித்திரம் உறுதியானது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

தனிச் சம்பவத்தைச் சோதிக்க, இணைப் பகுதிகளை அருகருகே திறந்து வைத்துக்கொண்டு எங்கே மாறுகிறது என்று பாருங்கள். தமிழ் பைபிள் ஒன்று போதும். மாற்கு 6:5இல் நாசரேத்தில் இயேசு சில நோயாளிகளைத் தவிர "வேறொரு அற்புதமும் செய்யக்கூடாமல்" இருந்தார். மத்தேயு 13:58இல் அது "அநேக அற்புதங்களைச் செய்யவில்லை" என்று மாறுகிறது. முடியவில்லை என்பது செய்யவில்லை ஆகிவிட்டது. மாற்கு 8:22-26இல் பெத்சாயிதா குருடனின் கண்ணில் உமிழ்ந்து கை வைக்கிறார். அவன் "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். மறுபடி கை வைத்த பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது. முதல் முறை பாதிதான் பலித்தது. மத்தேயு, லூக்கா இருவருமே இதை விட்டுவிட்டார்கள். பின்வந்தவர்களுக்குச் சங்கடமாக இருந்த இத்தகைய செய்திகள் பழைய நினைவிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும்: நமக்குச் சங்கடமாகத் தெரிவது மாற்குவுக்கும் அப்படித் தெரிந்ததா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

எதிர்த் திசையில் போகும் உதாரணம் மாற்கு 5ஆம் அதிகாரம். ஒரு மனிதனைப் பிடித்திருந்த லேகியோன் என்ற பெயருள்ள பிசாசுகள் ஏறக்குறைய 2,000 பன்றிகளுக்குள் புகுந்து, பன்றிகள் மேட்டிலிருந்து பாய்ந்து கடலில் மாள்கின்றன. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இடம் கெரசேனர் நாடு. கெரசா இன்றைய ஜோர்தானின் ஜெராஷ். கலிலேயாக் கடலிலிருந்து சுமார் 50 கி.மீ. அங்கிருந்து பன்றிகள் ஏரிக்கு ஓட முடியாது. மத்தேயு அதைக் கதரேனர் நாடு என்று திருத்துகிறார். கதரா சுமார் 10 கி.மீ. தள்ளியிருக்கிறது. பேய் பிடித்தவர்களையும் ஒருவரிலிருந்து இருவராக்குகிறார். பிறகு ஓரிகன் கரையோர ஊரான கெர்கெசாவைச் சொன்னார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பிற்காலப் பிரதிகளைப் பின்பற்றுவதால் மாற்குவில் கதரேனர், மத்தேயுவில் கெர்கெசேனர் என்று இருக்கும். நிலவியல் உதைத்ததால் ஊர்ப்பெயரை ஒவ்வொருவராகச் சரிசெய்தது கண்ணுக்கு முன்னாலேயே தெரிகிறது. ஒரு பேயோட்டல் சம்பவம் அடியில் இருந்திருக்கலாம். பன்றிக் காட்சிக்கு வரலாற்று எடை குறைவு.

இயற்கையை மீறும் அற்புதங்களில் சான்று இன்னும் மெலிகிறது. உயிர்த்தெழுதலை விட்டால் நான்கு சுவிசேஷங்களிலும் வரும் ஒரே அற்புதம் 5,000 பேருக்கு உணவளித்தது. எனவே வனாந்தரத்தில் பெரிய விருந்து ஒன்றின் நினைவு இருந்திருக்கக் கூடும். ஆனால் 2 இராஜாக்கள் 4:42-44ஐப் படியுங்கள்: எலிசா தீர்க்கதரிசி 20 வாற்கோதுமை அப்பங்களைக் கொண்டு 100 பேருக்குக் கொடுக்கிறார், வேலைக்காரன் இது எப்படிப் போதும் என்கிறான், தின்று மீதியும் இருக்கிறது. யோவான் 6:9இலும் வாற்கோதுமை அப்பமே. எலிசாவைவிடப் பெரியவர் என்று காட்ட அதே அச்சில் சொல்லப்பட்டிருக்கிறது என்பது வெளிப்படை. மத்தேயு 27:52-53இல் பரிசுத்தவான்கள் பலர் கல்லறைகளிலிருந்து எழுந்து எருசலேமுக்குள் அநேகருக்குக் காணப்படுகிறார்கள். இவ்வளவு பெரிய நிகழ்ச்சியை மற்ற மூவரும் சொல்லவில்லை, பவுலும் சொல்லவில்லை, ஜோசிஃபஸும் சொல்லவில்லை. இதை வரலாறு என்று வாதாட வேண்டாம். சிலுவை நேரத்து இருளைச் சூரிய கிரகணம் என்று விளக்குவதும் பயன்படாது: பஸ்கா பௌர்ணமியில் வருவது, கிரகணம் அமாவாசையில்தான் நடக்கும், முழு மறைப்பு ஏழரை நிமிடத்தைத் தாண்டாது. பழைய ஏற்பாட்டில் சூரியன் நின்றது, செங்கடல் பிளந்தது போன்றவற்றுக்கு நிகழ்வை ஒட்டிய காலத்து எழுத்துச் சான்று இல்லை என்பதால் இந்த முறையில் சோதிக்கவே வழியில்லை.

இப்போது நேர்மைக்கான சோதனை. ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் கி.பி. 69-70இல் அலெக்சாந்திரியாவில் இருக்கிறார். கண் தெரியாத ஒருவன், செராபிஸ் தெய்வம் சொன்னதாக வந்து, உங்கள் எச்சிலை என் கண்ணில் தடவுங்கள் என்று மன்றாடுகிறான். கை விளங்காத இன்னொருவன் காலால் மிதிக்கச் சொல்கிறான். வெஸ்பாசியன் தயங்கி மருத்துவர்களைக் கேட்கிறார். பார்வை முற்றிலும் அழியவில்லை, தடை நீங்கினால் திரும்பலாம் என்கிறார்கள். கூட்டத்தின் முன்னால் செய்கிறார், இருவரும் குணமாகிறார்கள். இதை எழுதும் ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ், உடனிருந்தவர்கள் இப்போதும் சொல்கிறார்கள், பொய் சொல்வதால் இனி ஆதாயம் எதுவும் இல்லை என்கிறார். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடைவெளி சுமார் 40 ஆண்டு. சிலுவை மரணத்துக்கும் மாற்குவுக்கும் இடைவெளியும் கிட்டத்தட்ட அதுவே. இன்னொரு ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதும்போது, கை விளங்காதவன் கால் விளங்காதவனாக மாறியிருக்கிறான்.

பெத்சாயிதாவை நம்ப நீங்கள் எந்த விதியை வைக்கிறீர்களோ, அதே விதியை அலெக்சாந்திரியாவுக்கும் வையுங்கள். இரண்டையும் ஏற்கலாம், இரண்டிலும் ஏதோ நடந்தது ஆனால் காரணம் தெரியாது என்று நிறுத்தலாம், இரண்டையும் மறுக்கலாம். ஒன்றுக்கு ஒரு தராசு, இன்னொன்றுக்கு வேறு தராசு என்பது மட்டும் கூடாது. நாத்திகர்களுக்கும் இது பொருந்தும். தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748இல் சொன்ன வாதம், சாட்சியம் பொய்யாக இருப்பது அந்த அற்புதத்தைவிட அதிசயமாக இருந்தால்தான் ஏற்கலாம் என்பது. நடைமுறையில் நல்ல விதி. ஆனால் அற்புதம் நடக்கவே நடக்காது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டுச் சாட்சியத்தை எடைபோட்டால், அந்த எடைபோடலுக்கே அர்த்தமில்லை.

உயிர்த்தெழுதல் தனி வகை, ஏனென்றால் அதற்குத்தான் மிகப் பழைய எழுத்து இருக்கிறது. 1 கொரிந்தியர் கி.பி. 53-55 வாக்கில் எழுதப்பட்டது. 15:3-8இல் பவுல் தான் பெற்றுக்கொண்டதாக உயிரோடெழுந்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூற்றுக்கு அதிகமானோர், யாக்கோபு, எல்லா அப்போஸ்தலர், கடைசியில் தான். கலாத்தியர் 1:18-19படி கேபாவோடு 15 நாள் தங்கி, யாக்கோபையும் பார்த்திருக்கிறார். எனவே பேதுருவும் பவுலும் உயிரோடெழுந்த இயேசுவைக் கண்டதாக உண்மையிலேயே நம்பினார்கள் என்பதை விசுவாசமற்ற ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஏற்கிறார்கள். என்ன கண்டார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள். பவுல் காலியான கல்லறையையோ பெண்களையோ குறிப்பிடவில்லை. மத்தேயுவில் சீடர்கள் கலிலேயாவில் காண்கிறார்கள், லூக்காவில் எருசலேமில். மாற்கு 16:9-20 நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. சர்ப்பங்களை எடுப்பார்கள், சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதப்படுத்தாது என்ற வசனம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது; அதை நம்பி யாரும் எதையும் செய்து பார்க்க வேண்டாம்.

நம் ஊர். சென்னைக்கு வந்ததாகச் சொல்லப்படும் இயேசுவின் சீடர் தோமா பற்றிய மிகப் பழைய நூல் மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் கதை. அதில் வரும் கொண்டோபாரஸ் என்ற அரசன் கற்பனை என்று நினைக்கப்பட்டான். 19ஆம் நூற்றாண்டில் அவன் நாணயங்கள் கிடைத்தன. அரசன் நிஜம் என்றாகிறது, அவனுக்குத் தோமா அரண்மனை கட்டிய கதை நிஜம் என்றாகவில்லை. யோவான் 5இல் இயேசு ஒருவனைக் குணமாக்கிய இடமாக வரும் பெதஸ்தா குளம் எருசலேமில் தோண்டி எடுக்கப்பட்டதற்கும் இதே அளவுதான். தோமாவின் மரணத்தையே பாருங்கள்: சிரியாக் நூலில் அரசன் ஆணைப்படி வீரர்கள் ஈட்டியால் குத்துகிறார்கள், 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கேட்டது, மயில் வேட்டைக்காரனின் அம்பு தவறிப் பாய்ந்தது என்று. அந்த இடத்துச் செம்மண்ணைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்ததையும் அவர் எழுதியிருக்கிறார். பரங்கிமலைக் கோயிலில் உள்ள பஹ்லவி எழுத்துக் கற்சிலுவை 1547இல் கிடைத்தது. 1558 டிசம்பர் 18இல் பூசையின்போது இரத்தம் போல வியர்த்ததாகவும், 1704 வரை அவ்வப்போது நடந்ததாகவும் பதிவுகள் சொல்கின்றன. பலர் எதையோ பார்த்தார்கள் என்பதை நான் ஏற்பேன். அது இரத்தம் என்பதைக் காட்ட அன்று யாரும் சோதிக்கவில்லை. ஈரக் காற்று, கல்லின் தன்மை, மெழுகுவர்த்திச் சூடு எல்லாம் விலக்கப்படாமலே இருக்கின்றன.

இன்றைய சுகமளிக்கும் கூட்டச் சாட்சிகளுக்கு, கத்தோலிக்கத் திருச்சபையே வைத்திருக்கும் அளவுகோல் மிகக் கறாரானது. 18ஆம் நூற்றாண்டில் லம்பெர்டினி (பிறகு திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட்) வகுத்தது: நோய் கடுமையானதாக, முன்பே மருத்துவ ரீதியில் உறுதியானதாக இருக்க வேண்டும், எடுத்த சிகிச்சையால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும், குணம் திடீரென்று, முழுமையாக, நிலைத்ததாக இருக்க வேண்டும். பிரான்சின் லூர்து திருத்தலத்தில் 1858 முதல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணமடைதல்கள் பதிவாகி, அற்புதமாக ஏற்கப்பட்டவை 70ஐச் சற்றே தாண்டியவை. பெரும்பாலான சாட்சிகள் விழுவது முதல் படியிலேயே: ஜெபத்துக்கு முந்தைய ஸ்கேனோ பயாப்ஸியோ கிடையாது, அல்லது கீமோ நடந்துகொண்டிருந்தது சொல்லப்படுவதில்லை. சுவிசேஷங்களின் சம்பவங்களும் இந்தப் படியைத் தாண்டாது. லேவியராகமம் 13, 14இல் துணிக்கும் வீட்டுச் சுவருக்கும்கூடக் குஷ்டம் வருகிறது. இயேசு குணமாக்கிய குஷ்டரோகிக்கு இன்றைய எந்த நோய் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களிடம் யாராவது ஒரு சாட்சி சொன்னால், தேதியோடு இரண்டு ரிப்போர்ட் கேளுங்கள்: ஜெபத்துக்கு முன்னால் எடுத்தது, ஒரு வருடம் கழித்து எடுத்தது. யாரையும் மருந்தை நிறுத்த மட்டும் விடாதீர்கள்.