பால் கட்டு என்று யார் சொன்னது?

வணக்கம். எனக்கு 36 வயது. முதல் குழந்தை, இப்போது ஏழாம் மாதம். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும், ஆபத்து 1.8 மடங்கு என்று ஒரு காணொளியில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. என் நாத்தனாரோ, பிள்ளை பெற்றவளுக்கு அந்த நோயே வராது என்கிறார். முன்பு ஒருமுறை கருவைக் கலைக்க வேண்டிவந்தது, அதனாலும் வருமா? எதை நம்புவது?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கருக்கலைப்பை முதலில் ஒதுக்கிவிடுவோம். 16 நாடுகளின் 53 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2004இலேயே அலசியாயிற்று, தொடர்பில்லை. அந்தப் பாரத்தை இன்றோடு இறக்கி வையுங்கள்.

காணொளி, நாத்தனார் இரண்டுமே பாதி சரி. முதல் பிள்ளையை 18 வயதுக்குள் பெற்றவர்களுக்கு, 35க்கு மேல் பெற்றவர்களைவிட ஆபத்து மூன்றில் ஒரு பங்குதான் என்று 1970இல் மக்மேன் என்ற ஆய்வாளரின் குழு கண்டது. கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பால் சுரப்பிகளைப் பெருக்கி முதிரவைக்கின்றன. முதிர்ந்த செல் எளிதில் கெடாது. ஆனால் ஏற்கனவே கெட்டுப்போன செல் ஒன்று உள்ளே இருந்தால், நெல்லுக்குப் பாய்ந்த நீர் புல்லுக்கும் பொசிகிற கதைதான். வயது ஏற ஏற அப்படி ஒரு செல் இருக்க வாய்ப்பும் கூடும்.

அந்த 1.8 எங்கிருந்து வந்தது? 15 ஆய்வுகளை, ஏறக்குறைய 9 லட்சம் பெண்களை, ஒன்றுசேர்த்து 2019இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து. பிள்ளை பெறாதவர்களோடு ஒப்பிட்டால், பிரசவமாகி ஐந்தாம் ஆண்டு வாக்கில் ஆபத்து அந்த 1.8 மடங்கு உச்சத்துக்குப் போகிறது. பிறகு இறங்கி, சுமார் 24 ஆண்டுகள் கழித்துப் பாதுகாப்பாகவே மாறுகிறது. சரி, எதனுடைய 1.8 மடங்கு? அதைக் கேட்காமலே தூக்கத்தைத் தொலைத்தீர்களாக்கும்! அதே ஆய்வில், 41 முதல் 45 வயதுக்குள், பிரசவமாகி 3 முதல் 7 ஆண்டு ஆனவர்களில் லட்சத்துக்கு 41 பேர்தான் கூடுதல். 50 வயதுக்குள் நோய் கண்டவர்கள் பிள்ளை பெற்றவர்களில் 2.2 சதவீதம், பெறாதவர்களில் 1.9.

தாய்ப்பால் கொடுங்கள், மொத்தம் 12 மாதம் கொடுத்தால், இருக்கிற ஆபத்தில் 4.3 சதவீதம் குறைகிறது. அந்த ஐந்தாண்டு ஏற்றத்தை அது தடுப்பதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். பிள்ளை பெற்றவள் மார்பில் கட்டி என்றால் வீட்டில் உடனே "பால் கட்டிக்கிச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வெந்நீர் ஒத்தடம், முட்டைகோஸ் இலை, மல்லிகைப்பூ என்று மாதங்கள் ஓடுகின்றன. பால் கட்டு வலிக்கும், குழந்தை குடித்ததும் இளகும், பெரும்பாலும் இரண்டொரு நாளில் கரைந்துவிடும். குடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே அளவில், கல் போல, வலியே இல்லாமல் இருப்பதைப் பால் கட்டு என்று யார் சொன்னது? "வலிக்கலையே" என்று நிம்மதி அடைகிறார்களே, அதுதான் கொடுமை. வலியில்லாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

இரண்டு வாரத்தில் கரையாத எந்தக் கட்டிக்கும் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். பெரும்பாலும் ஆபத்தில்லாததாகத்தான் இருக்கும். ஊசியால் உறிஞ்சும்போது பால் வந்து கட்டி வற்றினால் அது வெறும் பால் நீர்க்கட்டி. மார்பு சிவந்து வீங்கி, ஆன்டிபயாடிக் முடிந்தும் அடங்கவில்லையா, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகிறதா, அடுத்த மாத்திரைப் பட்டையை வாங்காதீர்கள், மார்பக சர்ஜனிடம் போங்கள். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடுக்கலாம், பாலுக்குக் கெடுதல் இல்லை. கிளம்பும் முன் குழந்தைக்குக் கொடுத்தோ பீய்ச்சியோ மார்பைக் காலியாக்கிக்கொள்ளுங்கள். பால் நிறைந்த மார்பு படத்தில் வெள்ளையாகத் தெரிந்து கட்டியை மறைத்துவிடும்.

பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது என்றால், பாலை நிறுத்திவிட்டு வரச் சொல்லி வாரங்களை வீணாக்க விடாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் பால் கசிவது அபூர்வம், கசிந்தாலும் ஆறிவிடும். ஆனால் பரிசோதனைச் சீட்டில் "தாய்ப்பால் கொடுக்கிறார்" என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பால் சுரக்கும் செல்கள் மைக்ரோஸ்கோப்பில் பெருத்துத் தெரியும். விவரம் தெரியாத நோய்க்குறியியல் மருத்துவர் அதையே புற்று என்று படித்துவிடக்கூடும்.