துப்பாக்கியை உறைக்குள் வைக்காதீர்கள்: ஜெர்மன் போர்க்காலக் கைத்துப்பாக்கிகள் – கேள்வி பதில்

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கிகளையும் (லூகர் எனப்படும் பி08, அதன்பின் வந்த பி38 போன்றவை) அவற்றோடு வந்த தோல் உறை, மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), கருவி ஆகியவற்றையும் சேர்த்துவருகிறேன். அமெரிக்க மத்திய அரசு வழங்கும் அரும்பொருள் சேகரிப்பாளர் உரிமம் வைத்திருக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பழைய தோல் உறைக்குள் துப்பாக்கியை வைத்துப் பூட்டாதீர்கள். தோலில் தங்கியிருக்கும் அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்து இரும்பில் குழி விழச் செய்துவிடும்.

கேள்வி (சென்னை): ஐயா, இந்தியாவில் லூகர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராணுவ லூகர் 9 மி.மீ. துப்பாக்கி. இந்தியச் சட்டப்படி அது தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட தோட்டா அளவு. அதற்கு மேல் விவரம் வேண்டுமானால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி (டாலஸ்): அண்ணா, முதல் துப்பாக்கியாக எதை வாங்கலாம்? பி08 லூகரா, பி38ஆ?

பதில்: பி38 வாங்குங்கள் தம்பி. லூகர் அழகானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஏமாற ஆயிரம் வழி இருக்கிறது. பி38 போர்க்காலத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. செய்த நிறுவனங்களோ மூன்றுதான். அதனால் படிக்க வேண்டிய பாடம் கைக்கு அடங்கும்.

எந்த ஆலை எதைச் செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, ஜெர்மானியர்கள் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் குறியீடு அடித்தார்கள். செல்லா-மேலிஸ் ஊரின் வால்தர் ஆலை 1940இல் சில மாதம் ‘480’ என்று அடித்துவிட்டு ‘ஏ.சி’க்கு மாறியது. ஓபெர்ண்டோர்ஃபில் இருந்த மவுசர் ‘பி.ஒய்.எஃப்’ என்றும் 1945இல் ‘எஸ்.வி.டபிள்யூ’ என்றும் அடித்தது. இன்று செக் நாட்டில் இருக்கும் கிராட்டாவ் ஊரின் ஸ்ப்ரேவெர்க் ‘சி.ஒய்.க்யூ’. முதல் இரண்டிலும் குறியீட்டோடு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். ஸ்ப்ரேவெர்க் ஆண்டே போடவில்லை.

வரிசை எண்ணைப் பார்க்கும்போது அதன் வால் எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். 1இலிருந்து 10,000 வரை எழுத்தில்லாமல் போகும், அடுத்த பத்தாயிரத்துக்கு ‘ஏ’, அதற்கடுத்து ‘பி’. வால்தரிலும் மவுசரிலும் புத்தாண்டு பிறந்தால் மறுபடி 1. ஆகவே ‘4417’ என்று மட்டும் எழுதி, இது எந்தத் துப்பாக்கி என்று என்னிடம் கேட்டால் பதில் கிடையாது. அதே எண் பல துப்பாக்கிகளில் இருக்கிறது. ஆலை, ஆண்டு, எண், எழுத்து நான்கும் வேண்டும்.

முதல் துப்பாக்கிக்கு ‘சி.ஒய்.க்யூ’ ஒன்றைத் தேடுங்கள். வெட்டுக்கருவி ஓடிய கோடுகள் உலோகத்தில் அப்படியே தெரியும். பலர் அது அசிங்கம் என்று தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். செய்யாதீர்கள். போர்க்கால ஜெர்மன் ஆயுத ஆலைகளில் கட்டாயத் தொழிலாளர்களும் வதைமுகாம் கைதிகளும் வேலை வாங்கப்பட்டார்கள். வால்தர் நொயங்காமே வதைமுகாமிலேயே ஓர் ஆலை வைத்திருந்தது. அவசரத்தில், அடிமை நிலையில் செய்யப்பட்ட பொருள்கள் இவை என்பதற்கு அந்தக் கோடுகள் ஒரு சாட்சி. அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை.

கேள்வி (நியூ ஜெர்சி): ஒரு கண்காட்சியில் 1939 லூகர் பார்த்தேன். எல்லாப் பாகங்களிலும் ஒரே எண். புதிதுபோல் மின்னுகிறது. விசையும் பூட்டும் தங்க நிறத்தில் இருக்கின்றன. அதிகாரிக்காகச் செய்தது என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். தங்க நிறம்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. விசை, பாதுகாப்பு நெம்புகோல், மேகசின் விடுவிப்பான் போன்ற சிறு பாகங்களைச் சூடேற்றி வைக்கோல் நிறம் வரவைப்பது பழைய முறை. லூகரைச் செய்த மவுசர் 1937 நடுவில் அதை நிறுத்திவிட்டது. அதன்பின் சிறு பாகங்களும் நீலக்கறுப்புதான். 1939 துப்பாக்கியில் தங்க நிறம் இருந்தால், பிற்காலத்தில் யாரோ அழகுபடுத்தியிருக்கிறார்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். என் இரண்டாவது லூகர் ஒரு வியாபாரியிடம் வாங்கியது. வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில், கையில் பூதக்கண்ணாடியோடு குழலைத் திருப்பினேன். குழலின் அடியில் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ‘8,82’ என்று துளையின் விட்டம் மி.மீ. கணக்கில் அடித்திருப்பார்கள். அந்த 8களின் விளிம்பு உருகிய மெழுகுபோல் மழுங்கியிருந்தது. ராணுவம் ஏற்றுக்கொண்டதற்கு அடித்த பருந்து முத்திரையின் இறக்கைகளில் பாதியைக் காணவில்லை. மெருகேற்றும் சக்கரம் தேய்த்துக்கொண்டு போய்விட்டது. உலோகத்தை எவ்வளவு மினுக்கினாலும் தேய்ந்த எழுத்து திரும்பி வராது. அன்றிலிருந்து பளபளப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு எழுத்தின் விளிம்பைத்தான் பார்க்கிறேன்.

கேள்வி (சிங்கப்பூர்): ‘கறுப்பு விதவை’ என்ற லூகர் ரகம் அபூர்வமானதா?

பதில்: அது ஒரு ரகமே இல்லை. 1941, 1942 ‘பி.ஒய்.எஃப்’ லூகர்களில் சிலவற்றுக்குக் பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் கறுப்புக் கைப்பிடி வந்தது. அந்தப் பெயர் போருக்குப் பின் வியாபாரிகள் வைத்தது. துப்பாக்கி நல்லது, பெயருக்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): நாஜிகளின் எஸ்.எஸ். படையின் மின்னல் சின்னம் பொறித்த லூகர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது.

பதில்: போலி.

கேள்வி (அட்லாண்டா): என்னிடம் இருக்கும் பி38இல் மண்டையோட்டுச் சின்னம் இருக்கிறது. எஸ்.எஸ். படையினுடையதா?

பதில்: மேலே பாருங்கள். ராணுவம் ஏற்றுக்கொண்டதற்கான பருந்தும் எண்ணும் சிறியவை, வேலைக்காக அடித்தவை. கண்ணைப் பறிக்கும் சின்னங்கள் பிற்காலத்தில் ஒரு சுத்தியலாலும் அச்சாலும் வந்தவை.

கேள்வி (டொராண்டோ): மாமனார் இறந்தபின் அவருடைய லூகரை என் பெயருக்கு மாற்ற முடியுமா?

பதில்: கனடாவில் 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளைத் தனியாருக்கு விற்பதும் மாற்றுவதும் முடக்கப்பட்டிருக்கின்றன. போதாததற்கு லூகரின் குழல் 105 மி.மீ.க்கும் குறைவு, அதற்கு வேறு தடை. உடனே வழக்கறிஞரிடம் போங்கள். அதுவரை அதைத் தொடாதீர்கள், எங்கும் எடுத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி (சிகாகோ): ஜெர்மானியர்கள் பிடித்த நாடுகளின் துப்பாக்கிகளும் இந்தச் சேகரிப்பில் சேருமா?

பதில்: கட்டாயம் சேரும். என் மனதுக்கு நெருக்கமான பகுதியே அதுதான். ஜெர்மானியர்கள் வைத்த பெயரில் பெல்ஜியத்தின் பிரௌனிங் துப்பாக்கி ‘640(பி)’ ஆனது, செக் நாட்டின் 27ஆம் மாதிரி ‘பி27(டி)’ ஆனது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுத்து பிடிபட்ட நாட்டைச் சொல்லும்.

போலந்தின் ராடோம் நகரில் செய்யப்பட்ட விஸ் துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். 1939இல் ஆலையைக் கைப்பற்றிய ஜெர்மானியர்கள் அங்கே உற்பத்தியைத் தொடர்ந்தார்கள், ஆனால் குழலை மட்டும் அங்கே செய்யவிடவில்லை. அது ஆஸ்திரியாவின் ஸ்டையரில் இருந்து வந்தது. தொழிலாளர்கள் பாகம் பாகமாகக் கடத்திப் போலந்து எதிர்ப்புப் படைக்கு முழுத் துப்பாக்கியாக்கிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். அப்படியும் கடத்தினார்கள். 1942 அக்டோபரில் அதற்காக ராடோமில் பலரைப் பொது இடத்தில் தூக்கிலிட்டார்கள். விஸ் வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கேள்வி (சான் ஹோசே): பி38இல் பாதுகாப்பு நெம்புகோலை இறக்கினால் சுத்தியல் தானாக விழுகிறது. தோட்டா உள்ளே இருக்கும்போது செய்யலாமா?

பதில்: கூடாது. எண்பது ஆண்டு தேய்ந்த பாகங்களை நம்பி அதைச் செய்யாதீர்கள். வெடித்திருக்கிறது. எந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் முதலில் மேகசினை எடுங்கள், பிறகு தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள். லூகரில் தோட்டா உள்ளே இருந்தால் மேலே ஒரு பட்டை உயர்ந்து, அதன் இடப்பக்கம் ‘கெலாடென்’ என்ற சொல் தெரியும். ‘நிரம்பியிருக்கிறது’ என்று பொருள். லூகரின் மேல்பாதியைக் கழற்றிவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே தோட்டா இருந்தால், பக்கவாட்டு நெம்பை அழுத்தினாலே அந்தத் தனிப்பாதி சுடும்.

கேள்வி (பாஸ்டன்): என் துப்பாக்கிக்கு என்ன விலை கிடைக்கும்?

பதில்: விலை சொல்ல மாட்டேன். இதே கேள்வி பதினொரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. பதினொருவருக்கும் இதுவே பதில்.

கேள்வி (தர்மபுரி): ஐயா, என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். இத்தாலியிலிருந்து திரும்பும்போது ஒரு கறுப்புத் தோல் உறை கொண்டுவந்தார். துப்பாக்கி இல்லை, வெறும் உறை. பின்னால் ஆங்கில எழுத்தில் ‘ஜி.எக்ஸ்.ஒய் 1941’ என்றும் ‘பி.08’ என்றும் இருக்கிறது. மூடியின் உள்பக்கச் சிறு பையில் ஓர் இரும்புத் துண்டு. அது என்ன? ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, அரிவாளோடு இதையும் வைத்துப் பொட்டிட்டு விளக்கெண்ணெய் தடவுவோம்.

பதில்: இந்தக் கேள்வி ஒன்றுக்காகவே உட்கார்ந்து எழுதலாம். நன்றி தம்பி.

உங்கள் உறை லூகருக்கு உரியது. ‘ஜி.எக்ஸ்.ஒய்’ டிரெஸ்டன் நகரின் கிளிங்கே சகோதரர்கள் தோல் பட்டறை. 1941 அது தைக்கப்பட்ட ஆண்டு. முன் விளிம்பில் நீளவாக்கில் தைத்த பை உதிரி மேகசினுக்கு. உள்ளேயிருந்து ஒரு வார் நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் துப்பாக்கி மேலே எழும்பி வரும்.

இரும்புத் துண்டின் ஒரு முனை திருப்புளிபோல் தட்டையாக இருக்கிறதா? மறுபக்கம் ஒரு துளை இருக்கிறதா? அது லூகரின் கருவி. மேகசினில் 8 தோட்டா பிடிக்கும். சுருள்வில் கடுமையானது, கடைசி இரண்டு மூன்றுக்குக் கட்டைவிரல் வலித்துவிடும். மேகசினின் பக்கத்தில் துருத்தும் குமிழில் துளையை மாட்டிக் கீழே அழுத்தினால் வேலை சுலபம். ஆயுதங்களைவிட இந்தச் சிறு கருவிதான் முதலில் தொலைந்துபோகும். உறையோடு சேர்ந்து ஒரே வீட்டில் எண்பது ஆண்டு இருந்திருக்கிறது என்பதே பெரிய விஷயம். அதைத் தோல் பைக்குள் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றித் தனியே வையுங்கள்.

விளக்கெண்ணெய் தடவுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

கேள்வி (ஆம்பூர்): ஐயா மன்னிக்க வேண்டும். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தோல் பதனிடுகிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டாவிட்டால் வெடிக்கும். எண்ணெய் வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் தொழிலறிவுக்கு முன் நான் மாணவன்தான். புதுத் தோலுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் இந்த உறை இனி மடங்கி நிமிரப் போவதில்லை. விளக்கெண்ணெய் உலரும் எண்ணெய் இல்லை. பிசுபிசுப்பாகத் தங்கித் தூசியைப் பிடிக்கும், தோலைத் தளர்த்தும், தையல் துளை வழியாக நூலில் இறங்கும். செம்பு கலந்த ஆணி இருந்தால் அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டும்.

கேள்வி (கோலாலம்பூர்): தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: கூடாது.

கேள்வி (லண்டன்): ஷூ பாலிஷ்?

பதில்: கூடாது. முத்திரையின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய், வாசலின், மெழுகு என்று கேட்கவிருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: எதுவும் கூடாது. உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், போதும்.

கேள்வி (ஆம்பூர்): சரி ஐயா, எண்ணெய் வேண்டாம். ஆனால் தர்மபுரி வெயிலுக்கும் மழைக்கும் என்ன செய்வது? பிளாஸ்டிக் பையில் கட்டச் சொல்லிவிடாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். மேல்தோல் செம்பொடியாக உதிரத் தொடங்கினால் பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது.

பதில்: இதை நானே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. பிளாஸ்டிக் வேண்டாம். ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி, ஏறாமல் இறங்காமல் இருந்தால் தோல் நிம்மதியாக இருக்கும். வெளிச்சுவரை ஒட்டாத மர அலமாரி, உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி. உறைக்குள் அமிலமில்லாத தாளைக் கசக்கி லேசாகத் திணித்தால் வடிவம் குலையாது. செய்தித்தாளைத் திணிக்காதீர்கள். எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் பின்வாங்கவில்லை.

கேள்வி (ஆம்பூர்): நானும்தான் ஐயா. ஏற்கெனவே எண்ணெய் குடித்த தோல் அது, திடீரென்று நிறுத்தினால் இறுகும். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். தர்மபுரித் தம்பி இப்போதே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கேள்வி (தர்மபுரி): படம் எடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது ஐயா. மூடியின் உள்ளே மையால் ஒரு பெயர் எழுதியிருக்கிறது, முதல் எழுத்து தவிர எதுவும் படிக்க முடியவில்லை. பக்கத்திலேயே எங்கள் பாட்டி வைத்த சந்தனப் பொட்டு கறையாகப் படிந்திருக்கிறது. ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தால் பெயர் தெளிவாகத் தெரியுமா?

பதில்: துடைக்காதீர்கள். ஈரம் பட்டால் மையும் கரைந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, நான்கு கோணத்தில் படமெடுத்து அனுப்புங்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுகிறேன். சந்தனம் அங்கேயே இருக்கட்டும். பாட்டி எந்த ஆண்டு வைத்தார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், அதையும் ஒரு சீட்டில் எழுதி உறையோடு வையுங்கள்.