முன்பணம் கட்டினால்தான் கிராபிக்ஸ் கார்டு கிடைக்குமா?

கேள்வி: கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் புதிதாக வரப்போகும் 8 ஜிபி மெமரி கொண்ட கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறான் மகன். வீட்டில் இருப்பது பழைய கம்ப்யூட்டர். புதுச்சேரிக் கடையில், '5,000 முன்பணம் கட்டுங்கள், முதல் வாரம் போனால் விலை ஏறிவிடும்' என்கிறார்கள். கட்டலாமா? - வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கட்டாதீர்கள். ரிவ்யூ வராத கார்டுக்கு முன்பணம் கொடுப்பது, கடைக்காரரின் சரக்குக்கு நீங்கள் முதல் போடுவதுதான்.

வழக்கமாக கம்பெனிகள் ரிவ்யூ செய்பவர்களுக்குக் கார்டையும் டிரைவரையும் (கார்டை இயக்கும் மென்பொருள்) முன்கூட்டியே அனுப்பி, ரிவ்யூவை வெளியிடும் தேதியையும் தாங்களே குறித்துவிடும். பெரும்பாலும் அது விற்பனைக்கு முந்தின நாள். சில சமயம் அதுவும் கிடையாது. 2025 மே 19-ல் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு விற்பனைக்கு வந்தபோது, பொதுவாக யாருக்கும் முன்கூட்டியே டிரைவர் தரவில்லை. ரிவ்யூ செய்யும் பலரும் அந்த வாரம் தைபேயில், கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில். முந்தின மாதம் அதே கம்பெனியின் 5060 டிஐ கார்டு வந்தபோது சோதனைக்குப் போனது 16 ஜிபி கார்டு. அதே பெயரில் 8 ஜிபி கார்டும் கடைக்கு வந்தது. ரிவ்யூவை நம்பிப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் கைக்கு வருவது வேறு பொருள். இப்படிப் பெயர் வைக்க எப்படித்தான் அனுமதிக்கிறார்களோ!

பொறுத்தால் விலை இறங்கவும் செய்யும். 2023-ல் இன்னொரு கம்பெனியான ஏஎம்டி, தன் ஆர்எக்ஸ் 7600 கார்டின் விலையை விற்பனைக்குச் சற்று முன்புதான் 299 டாலரிலிருந்து 269-க்குக் குறைத்தது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: கம்பெனி அறிவித்த விலை 299 டாலர், டாலருக்கு 85 ரூபாய் (வாங்கும் நாளின் மதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்) என்றால் 25,415. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 30,000. அதைவிட மிக அதிகமாகக் கேட்டால், அது பெரும்பாலும் முதல் வார அவசரத்துக்கான விலை. 'பாண்டியில் வரி கம்மி' என்றால் நம்ப வேண்டாம். 2017 ஜூலை முதல் இரண்டு ஊரிலும் ஒரே ஜிஎஸ்டி.

'கார்டு மட்டும் தர மாட்டோம், பவர் சப்ளையும் சேர்த்து எடுங்கள்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெட்டியில் இந்திய இறக்குமதியாளர் பெயரும் எம்ஆர்பியும் உள்ள ஸ்டிக்கர் இருக்க வேண்டும். பெட்டி, கார்டு, பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்கும்போது சிக்கல் வரலாம். நமது கடற்கரைக் காற்றில் துரு பிடித்தாலும் வாரண்டி கிடைப்பது கடினம், ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

நல்ல ரிவ்யூ வந்தாலும் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ரிவ்யூவில் சோதிப்பது மிக வேகமான பிராசசரில். 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 கார்டைப் பலரும் புகழ்ந்தார்கள். அடுத்த மாதமே, ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசசரில் அதன் வேகம் பெரிதும் விழுவது தெரியவந்தது. அதுதவிர, அந்தக் கார்டு சரியாக ஓட, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) 'ரீசைசபிள் பார்' என்ற வசதி ஆன் ஆகியிருக்க வேண்டும். பல பழைய போர்டுகளில் அந்த வசதியே இல்லை. ஆர்டிஎக்ஸ் 5060-க்கோ போர்டோடு தகவல் பரிமாற 8 லேன் (பாதை) மட்டும்தான், கார்டு செருகும் இடம் பழைய பிசிஐஇ 3.0 வகையாக இருக்கும் போர்டில் 8 ஜிபி மெமரி நிரம்பினால் கேம் திக்கித் திணறும். ஆகவே மகனிடம் பிராசசர், மதர்போர்டு மாடலை எழுதி வாங்கி, அதே வகைப் பழைய பிராசசரில் சோதித்த ரிவ்யூ வரும்வரை காத்திருங்கள்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், மாடல், எத்தனை ஜிபி, இறுதி விலை, பணம் திரும்பத் தரும் தேதி நான்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.