சிவில் வழக்குக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பாரா?

கேள்வி: என் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நானும் பிள்ளைகளும் குடியிருக்கும் வீட்டில் பங்கு கேட்டு, கணவரின் அண்ணன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் வந்துவிட்டது. தையல் வேலையில் கிடைக்கும் கூலியில் வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லை. இலவச வக்கீல் கிரிமினல் வழக்குக்கு மட்டும்தான் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உண்மையில்லை. சிவில் வழக்குக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

உங்களிடம் அப்படிச் சொன்னவர்களைக் குறை கூற மாட்டேன். 1978, 1979 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் இலவச சட்ட உதவியைப் பற்றி அளித்த புகழ்பெற்ற தீர்ப்புகள் சிறையில் இருந்தவர்களைப் பற்றியவை என்பதால், அந்த உதவியே கைதிகளுக்கானது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. ஆனால் 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவு, பணமில்லை என்பதற்காக எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று பொதுவாகவே சொல்கிறது. அதன் வழியில் வந்த 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், ‘வழக்கு’ என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போதே சிவில் தாவாவையும் அதில் சேர்த்துக்கொள்கிறது.

வருமானத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் அப்படித்தான். இப்படிப்பட்ட எந்தப் பிரிவிலும் வராதவர்கள்தான், மாநில அரசு நிர்ணயித்துள்ள வரம்புக்குள் தங்கள் வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கும் பெரும்பாலும் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போதும்.

உங்கள் வழக்கு நடக்கும் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ இருக்கும். அங்கே சென்று, எதிர்வழக்காட வழக்கறிஞர் வேண்டும் என்று மனு எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அங்கேயே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணை அழைத்தும் வழி கேட்கலாம். நீங்கள் கடிதத்துடன் அனுப்பிய சம்மன் நகலின் பின்பக்கத்தில் இரண்டு ரவிக்கைகளின் அளவு குறிக்கப்பட்டிருந்தது. வேலை அவசரத்தில் கைக்குக் கிடைத்த தாளில் எழுதியிருப்பீர்கள், புரிகிறது. வழக்கு எண்ணும் வாய்தா தேதியும் உள்ள அந்தத் தாளையும், அதனுடன் வந்த பிராது (அண்ணன் தாக்கல் செய்த வழக்கு மனு) நகலையும், வீட்டுப் பத்திரம், வரி ரசீது, கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றையும் ஒரே பையில் போட்டு பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள்.

இலவச வழக்கறிஞர் அக்கறையாக நடத்துவாரா என்ற தயக்கம் பலருக்கும் உண்டு, நியாயமான தயக்கம்தான். எல்லா வழக்கறிஞரும் ஒரே மாதிரி இருப்பதில்லை, காசு வாங்குபவர்களும் அப்படித்தான். ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் வாய்தாவுக்கு வராமலோ, உங்களிடம் பேசாமலோ இருந்தால் வேறொருவரை நியமிக்கும்படி எழுதிக் கேளுங்கள். அவருக்கான கட்டணத்தை ஆணைக்குழு கொடுக்கிறது. உங்களிடம் ஒரு ரூபாய்கூட அவர் கேட்கக் கூடாது, கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் புகார் கொடுங்கள். நீதிமன்றக் கட்டணமும் நகல் செலவும்கூட இந்த உதவியில் அடங்கும்.

வழக்கு லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போனால், பேசி முடிக்கச் சொல்வார்கள். அண்ணனுடன் சமாதானமாகப் போவது நல்லதுதான். ஆனால் அங்கே எழுதப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மீது மேல்முறையீடு கிடையாது. ஆகவே உங்கள் வழக்கறிஞர் ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்லி, உங்களுக்கு முழுதும் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. வக்கீல் இல்லையே என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சம்மன் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாட்கள் வரை அவகாசம் கிடைக்கும். வழக்கறிஞர் நியமனம் ஆகாவிட்டாலும் நீங்களே நேரில் நின்று, சட்ட உதவி கேட்டு மனுக் கொடுத்திருப்பதாக நீதிபதியிடம் சொல்லி அவகாசம் கேளுங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நீங்கள் வராததால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே, தீர்ப்பாகியிருந்தால், தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள், வர முடியாமல் போன காரணத்தைக் காட்டி, அதை ரத்து செய்யக் கோரலாம். அந்த மனுவையும் சட்ட உதவி வழக்கறிஞரே தாக்கல் செய்வார்.