வில்வித்தை சொல்லித்தரச் சான்றிதழ் வேண்டுமா?

வணக்கம் ஐயா,

கல்லூரி நாட்களில் ரிகர்வ் வில்லில் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த, ஒலிம்பிக்கில் பயன்படும் வகை) பல்கலைக்கழகப் போட்டிகள் வரை போயிருக்கிறேன். அப்புறம் கல்யாணம், குழந்தைகள் என்று பத்து வருடமாக வில்லைத் தொடவில்லை. இப்போது என் மகள் படிக்கும் பள்ளியில், சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியுமா என்று தலைமையாசிரியர் கேட்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் டிப்ளமோவுக்காக ஒரு வருடம் வீட்டை விட்டுப் போகவும் முடியாது. சான்றிதழ் இல்லாமல் சொல்லித்தருவது தவறா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

சட்டப்படி பார்த்தால் தவறில்லை. வில்வித்தை சொல்லித்தர இன்ன சான்றிதழ் இருந்தே தீரவேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. அரசுப் பயிற்சியாளர் வேலை என்றால் அது வேறு. அங்கே பாட்டியாலா என்.ஐ.எஸ். டிப்ளமோவைத்தான் முதலில் கேட்பார்கள். உங்கள் பள்ளி கேட்பது அதையல்ல.

ஆனாலும் ஏதாவது ஒரு பயிற்சியை முடித்துவிட்டு ஆரம்பியுங்கள் என்றே சொல்வேன். காரணம் என் சொந்த அனுபவம்.

நான் சொல்லித்தர ஆரம்பித்தபோது என்னிடமும் ஒன்றும் இல்லை. ஒரு பையன் வந்தான், பன்னிரண்டு வயது இருக்கும். வலக்கையால் எழுதுகிறவன், அதனால் வலக்கை வில்லைக் கொடுத்தேன். நான்கு மாதமும் அவன் அம்புகள் இடப்பக்கமே போயின. முழங்கையைத் தூக்கு, தோளை இறக்கு என்று அவனை விரட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் மாதம் வருவதை நிறுத்திவிட்டான். அடுத்த வருடம் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குப் போனேன். முதல் நாளே சொன்னார்கள், கையைப் பார்ப்பதற்கு முன் கண்ணைப் பார் என்று. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பிள்ளை பார்க்க வேண்டும். பார்வையை எடுக்காமல் கைகளை முகத்தருகே கொண்டுவந்தால் எந்தக் கண்ணிடம் வந்து நிற்கிறதோ, குறிபார்ப்பது அந்தக் கண்தான். ஒரு நிமிட வேலை. அந்தப் பையனுக்குக் குறிபார்ப்பது இடக்கண், இடக்கை வில்லைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

நீங்கள் 70 மீட்டரில் எய்து பழகியவர். 122 செ.மீ. டார்கெட்டும் அதன் நடுவில் 12.2 செ.மீ. பத்துப் புள்ளி வளையமும் இன்னும் உங்கள் கண்ணில் நிற்கும். வரப்போகும் பிள்ளைக்கோ ஐந்து மீட்டர் போதும், முதல் சில வாரம் டார்கெட் தாளே வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு 12 பவுண்டு இழுவிசை உள்ள வில்லில் ஆரம்பியுங்கள். இழுக்கக் கடினமான வில்லைக் கொடுத்தால் இடுப்பை வளைத்து இழுப்பார்கள், அந்தக் கோணலைப் பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. அம்பின் நீளத்தில் இன்னும் கவனம் வேண்டும். குட்டையான அம்பை முழுக்க இழுத்தால் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அந்த நிலையில் நாணை விட்டால் வில் பிடித்த கையிலேயே பாயும். ஆகவே இழுக்கும் நீளத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாகவே இருக்கட்டும். அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்துவிடுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள், வில் உடைந்துபோகும்.

பள்ளியில் பணம் குறைவு என்றால் மூங்கில் வில் போதும். இந்தியன் ரவுண்ட் என்று அதற்குத் தேசியப் போட்டியே நடக்கிறது, 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும்.

அப்புறம் விசில். இரண்டு ஊதினால் கோட்டுக்கு வரவேண்டும், ஒன்று ஊதினால் எய்யலாம், மூன்று ஊதினால் அம்பெடுக்கப் போகலாம், நடந்துதான், ஓடக்கூடாது. ஐந்தோ அதற்கு மேலோ ஊதினால் எல்லாரும் அப்படியே நிறுத்த வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் இத்தனை நாள் விசிலைக் கேட்டு நடந்தவர் நீங்கள். பதினைந்து பிள்ளைகளைக் கோட்டில் நிறுத்தி, யார் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்து ஊதுவது தனிப் பழக்கம். அது வர, பக்கத்தில் ஏற்கெனவே நடக்கும் ஏதாவது ஒரு பயிற்சிக் களத்தில் மூன்று மாதம் உதவியாளராக நில்லுங்கள். சம்பளம் கேட்காதீர்கள். நான் அப்படிச் செய்திருந்தால் அந்தப் பையன் போயிருக்க மாட்டான்.

படிப்புக்கு வழி இருக்கிறது. என்.ஐ.எஸ். ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் நடத்துகிறது. அந்தந்த வருட அறிவிப்பில் வில்வித்தை இருக்கிறதா, தகுதி என்ன என்று பார்த்து விண்ணப்பியுங்கள். உலக வில்வித்தைக் கூட்டமைப்புக்கும் மூன்று படிகளில் பயிற்சியாளர் படிப்பு உண்டு, அதில் முதல் படி உங்களுக்குப் பொருந்தும். மாநிலச் சங்கத்தில் கேட்டால் அடுத்த வகுப்பு எப்போது என்று சொல்வார்கள். ஆறு வாரம் வீட்டில் சமாளிக்க முடியும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. தோளைச் சரிசெய்ய, முழங்கையைத் திருப்ப நம் கை தானாகப் போகும். "தொட்டுக் காட்டட்டுமா?" என்று ஒவ்வொரு முறையும் பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஒரு ரப்பர் பட்டையைப் பிடித்து நீங்கள் இழுத்துக் காட்டினாலே பாதி புரிந்துவிடும். பெற்றோர் ஒருவராவது மைதானத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை. டார்கெட் வைக்கப்போகும் இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? உயரமான சுவரா, வேலியா, ஆள் நடக்கும் தெருவா? அதை எழுதுங்கள். தெரு என்றால் தலைமையாசிரியரிடம் இடத்தை மாற்றித்தரச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசலாம்.

அன்புடன்.