உறுதி கையில் இருக்கிறது, கட்டடத்தை அகற்றச் சொல்கிறார்கள்: என்ன செய்வது?

கேள்வி: பொத்துவில், உல்லைக் கடற்கரையோரம் அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்த வளவில் 2012இல் நான்கு கபானா கட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். பழைய உறுதியில் கிழக்கெல்லை ‘கடல்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. பிரதேச சபைக்கு வரி செலுத்துகிறோம். மின்சார இணைப்பும் உண்டு. இப்போது ‘அனுமதியற்ற கட்டடம், அகற்றவும்’ என்று கடிதம் வந்துள்ளது. உறுதிக் காணியில் இவ்வாறு செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் என்பதைப் பொறுத்தே உங்கள் எதிர்வாதம் அமையும். ஆகவே முதலில் கடிதத்தின் தலைப்பையும், அதில் குறிப்பிடப்பட்டுள்ள சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் வாசியுங்கள். கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழில் தருமாறு எழுத்தில் கேளுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பிலேயே உள்ளது.

கடிதம் கரையோரம் பேணல் திணைக்களத்திலிருந்து வந்திருந்தால், அங்கே காணி யாருடையது என்பது கேள்வியே அன்று. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் சராசரியாக எட்டும் கோடு) தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயமாகும். அந்த வலயத்தில் தனியார் காணியிலும் அனுமதிப்பத்திரம் இன்றி அபிவிருத்தி வேலை செய்ய இயலாது. 300 மீற்றருக்குள் கட்டவே கூடாது என்று ஊரில் பலர் நினைப்பது தவறு. கரையோர முகாமைத்துவத் திட்டம் ஒவ்வொரு கரைத்துண்டுக்கும் வேறுவேறான பின்னிடைவுத் தூரத்தை, அதாவது கடலோரத்தில் கட்டாமல் விட வேண்டிய தூரத்தை, வகுத்திருக்கிறது. அந்தத் தூரத்துக்கு அப்பால் அனுமதி பெற்றுக் கட்டலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடக்கு, கிழக்கில் விதிக்கப்பட்ட 200 மீற்றர்த் தடை பின்னர் தளர்த்தப்பட்டபோது, இனி எந்த விதியும் இல்லை என்று எண்ணிக் கட்டியவர்களும் நம் கரையில் குறைவல்லர். தளர்ந்தது அந்தத் தடை மட்டுமே. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது.

வரிப் பற்றுச்சீட்டும் மின்பட்டியலும் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதைக் காட்டும். அனுமதி இருந்தது என்பதைக் காட்டமாட்டா. 2012இல் பிரதேச செயலகத்துக்கோ பிரதேச சபைக்கோ விண்ணப்பம் எதையாவது கொடுத்திருந்தால் அதன் பிரதியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். ஆனால் அகற்றும் கடிதத்தில் குறித்துள்ள நாள் அதற்காகக் காத்திராது. எனவே உங்கள் பதிலைப் பதிவுத் தபாலில் முதலில் அனுப்பிவிடுங்கள்.

இங்கே அளவீடுதான் பெரும்பாலும் வழக்கைத் தீர்மானிக்கும். தூரம் அளக்கப்படுவது சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து; மாரியில் வாடைக்கடல் ஏறி அரித்த விளிம்பிலிருந்து அன்று. அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அந்தக் கோட்டையும் நான்கு கட்டடங்களையும் ஒரே வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள். முன்வரிசைக் கபானா இரண்டும் பின்னிடைவுத் தூரத்துக்குள் விழுந்து பின்வரிசை தப்புவதும் உண்டு. அவ்வாறானால் முன்னவற்றை நீங்களே அகற்றிவிட்டுப் பின்னவற்றுக்கு அனுமதி கேட்பது, நான்கையும் பிடிவாதமாகக் காப்பதைவிடப் புத்திசாலித்தனம் என்பதே என் அபிப்பிராயம். கட்டிய பின் கேட்கும் அனுமதியை உரிமையாகக் கோர முடியாது என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.

‘கிழக்கே கடல்’ என்ற எல்லையைப் பற்றியும் ஒரு சொல். அக்காலத்து நொத்தாரிசுமார் வழமையாக எழுதியது அது. அலை வந்து போகும் ஈரமணல் அரசுக்குரியது. அதை உறுதியால் எவருக்கும் கொடுக்க இயலாது.

கடிதம் பிரதேச செயலாளரிடமிருந்து, 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வந்த வெளியேறல் அறிவித்தலானால், நிலைமை இன்னும் கடுமையானது. குறைந்தது 30 நாள் அவகாசம் தரப்பட வேண்டும். அதன் பின் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீங்கள் காட்டக்கூடிய ஒரே காரணம், அரசு சட்டப்படி வழங்கிய, இன்னும் இரத்தாகாத அனுமதிப்பத்திரமோ எழுத்து மூல அதிகாரமோ இருக்கிறது என்பதுதான். அம்மம்மாவின் உறுதியை நீதவான் ஆராயமாட்டார். தலைமுறை தலைமுறையாக ஆண்டோம் என்பதும் அங்கே எடுபடாது. உறுதியைக் காட்ட வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம். வெளியேற்றும் கட்டளை பிறந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் அங்கே உரித்தை நிலைநாட்டும் வழக்கைத் தாக்கல் செய்யலாம். வென்றால் நட்டஈட்டுக்கும் இடமுண்டு. ஆனால் அதற்குள் கபானா இருந்த இடம் வெறும் மணலாகியிருக்கலாம். ஆகையால் காணி அரச காணியே அன்று என்பதற்கு உறுதித் தொடரும் பழைய வரைபடமும் வலுவாக இருந்தால், நீதவானின் கட்டளைக்கு முன்பே மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவைத் தடுக்கும் அல்லது இரத்தாக்கும் நீதிமன்றக் கட்டளை) கோருவது குறித்துச் சட்டத்தரணியுடன் பேசுங்கள். இதற்கு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என உயர் நீதிமன்றம் 2013இல் தீர்த்திருப்பதால், கல்முனையில் முடியாது. கொழும்புக்கே போக வேண்டும். செலவையும் பயணத்தையும் இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்து விடுதி இன்னும் நிற்கிறது, எங்களுடையதை மட்டும் ஏன் என்ற வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். ஆதங்கம் நியாயமானது, ஆனால் மற்றவரின் சட்டமீறல் உங்கள் கட்டடத்துக்கு அனுமதியாகாது.

அலுவலர்கள் நேரில் வந்தால் கடிதத்தைப் பெற்றுக்கொண்டமைக்கு மட்டும் திகதியிட்டுக் கையொப்பம் வையுங்கள். ‘அரச காணியில் கட்டியுள்ளேன், இந்த நாளுக்குள் அகற்றுவேன்’ என்ற வாக்கியம் உள்ள தாளை, அவகாசம் கிடைக்கும் என்ற ஆசையில், சட்டத்தரணி பார்க்குமுன் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பின்னர் நீங்கள் உரித்து வழக்குப் போடும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டும் ஆவணம் அதுவாகவே இருக்கும்.