தங்கைக்குப் பிரசவமாகி 12 நாள், மேல்வயிற்றில் வலி, கணையம் சுரக்கும் என்சைமான அமைலேஸ் 190. கணைய அழற்சி இல்லை என்று விட்டுவிடலாமா?

விட்டுவிட முடியாது. உங்கள் தங்கைக்கு வலி வந்து நாலு நாள் ஆகிறது, ரத்தம் கொடுத்தது நேற்று. அமைலேஸ் 3 முதல் 5 நாளில் இறங்கிவிடும். கணையத்தின் இன்னொரு என்சைமான லைபேஸ்தான் ஒன்றிரண்டு வாரம் உயர்ந்தே நிற்கும். அதை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். லேப் அச்சிடும் நார்மல் மேல் எல்லை 60 என்றால் லைபேஸ் 180, எல்லை 160 என்றால் 480 இருந்தால்தான் கணக்கு. அதாவது மூன்று மடங்கு.

கணைய அழற்சியை உறுதிசெய்ய 2012இல் திருத்திய அட்லாண்டா விதிப்படி மூன்றில் இரண்டு இருந்தால் போதும்: மேல்வயிற்றில் விடாத வலி, மூன்று மடங்கு என்சைம், ஸ்கேனில் கணைய வீக்கம். பிள்ளை பெற்றவளிடம் முதலாவதுதான் தவறிப்போகிறது. முதுகுக்குப் பாய்ந்தால் பிரசவத்தில் முதுகில் போட்ட மயக்க ஊசி (ஸ்பைனல்) மேல் பழி, வயிறு உப்பினால் வாயு என்று ஓமத் தண்ணீர். இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ‘கேஸ்ட்ரிக்’ என்ற ஒரே பெயர். (லேகியத்தைக் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.) வாந்தியெடுத்தும் தணியாமல், முன்னால் குனிந்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும் வலி என்றால் கணையத்தை நினைக்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் பித்தப்பைக் கல். கர்ப்பத்தில் பித்தத்தில் கொழுப்பு கூடுகிறது, பையும் மந்தமாகச் சுருங்குகிறது. ‘மாசமாக இருந்தபோது அத்தனை ஸ்கேன் எடுத்தோமே’ என்பீர்கள். அவை குழந்தையைப் பார்த்தவை, பித்தப்பையை அல்ல. வெறும் வயிற்றில் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுங்கள். ‘குடல் காற்றால் கணையம் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால் அது நார்மல் ரிப்போர்ட் ஆகாது.

ரத்தத்தில் கல்லீரல் என்சைமான எஸ்ஜிபிடி 150ஐத் தாண்டினால் கல் சந்தேகம் வலுக்கும். ஏஎல்பி என்ற இன்னொரு என்சைமை மட்டும் நம்பவேண்டாம். நஞ்சுக்கொடியில் சுரந்தது பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் ரத்தத்தில் இருக்கும். கூடவே கால்சியம், டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) பாருங்கள். டிரைகிளிசரைடு 1000ஐத் தாண்டினால் அதுவே காரணமாகலாம், அமைலேஸையும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பட்டினி போட்டால் டிரைகிளிசரைடு சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் முதல் ரத்தத்திலேயே பார்த்துவிட வேண்டும். பிரஷர், பிளேட்லெட் பார்க்காமல் விடாதீர்கள்; பிரசவத்துக்குப் பின் வரும் பிரீஎக்லாம்ப்சியாவும் (பிரஷர் ஏறும் கோளாறு) இதே இடத்தில்தான் வலிக்கும்.

லைபேஸுக்குப் பிறகும் குழப்பமென்றால் சிடி. நாலாம் நாள் அதற்குத் தோதான நேரம்தான். அதற்கான சாய ஊசி (கான்ட்ராஸ்ட்) போட்டாலும் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

காய்ச்சல், மூச்சு வாங்குதல், கண் மஞ்சள், நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

இன்னொன்று, ரிப்போர்ட்டைப் படமெடுக்கும்போது எல்லோரும் வலது ஓரத்தை வெட்டிவிடுகிறீர்கள். லேபின் எல்லை அச்சாகியிருப்பதே அங்கேதான். நீங்கள் அனுப்பிய படத்திலும் அது இல்லை.